கதை எந்தக் கடையில் கிடைக்கும்?

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சிறிய ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கதை எழுத வேண்டும் என்று அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசையாம். "ஆனால் எதைப் பற்றி எழுதுவது? நான் எங்கும் போனவளில்லை. காலையில் டிபன், மத்தியானம் சமையல், சாயங்காலம் காபி, ராத்திரி மறுபடியும் அடுப்பு. எழுதுகிறவர்களுக்கெல்லாம் கரு எங்கிருந்து கிடைக்கிறது? அதற்கென்று கடை ஏதாவது இருந்தால் விலாசம் தெரிவிக்கவும்" என்று கேட்கிறார்.

கடிதத்தோடு ஒரு கதையும் வைத்திருந்தார். கதாநாயகன் சுவிட்ஜர்லாந்தில் ஒரு பனிமலை அடிவாரத்தில் நின்று பெருமூச்சு விடுகிறான். கதாநாயகி மாடி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசிக்கிறாள். ஆறு பக்கம் வரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் கதாநாயகனுக்கு வியாதி வந்துவிடுகிறது. என்ன வியாதி என்று சொல்லப்படவில்லை. ஆனால் கடுமையான வியாதி.

இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபடி கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி இருந்தது. எழுதும்போது நடுநடுவே எழுந்து போக வேண்டியிருந்ததாம். அவருடைய மாமியாருக்கு ஞாபகம் சரியில்லை. தினமும் சாயங்காலம், காலமாகி மூன்று வருஷமாகிவிட்ட மாமனாருக்கு என்று ஒரு டம்ளர் காபியைத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிடுகிறார். "ராத்திரி அவர் தூங்கின பிறகு நான்தான் சத்தமில்லாமல் எடுக்க வேண்டியிருக்கிறது. இப்படியிருந்தால் எழுதுவதற்கு எங்கே நேரம்?" என்று முடித்திருந்தார்.

அம்மணி! நீங்கள் விலாசம் கேட்ட கடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறதே! தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறதே!

(அந்த நாலு வரியை இங்கே சொல்வதற்கு அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். "இதுவா கதை?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.)

இதுதான் கதை. அந்த மூடி வைத்த டம்ளரைப் பற்றி எனக்கு எத்தனை கேள்விகள் தோன்றின தெரியுமா? மாமியாருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா, அல்லது எல்லாம் தெரிந்தும் கையைப் பழக்கத்திலிருந்து பிரிக்க முடியவில்லையா? காலையில் டம்ளர் காலியாக இருப்பதைப் பார்த்து, 'அவர் வந்து குடித்துவிட்டுப் போனார்' என்று நினைத்துக்கொள்கிறாரா? அப்படியானால் மருமகள் செய்வது ஒத்தாசையா, ஏமாற்றா? பால் விற்கிற விலையில் தினம் ஒரு டம்ளர் காபி வீணாவதைப் பற்றிப் புருஷன் என்ன சொல்கிறான்? அந்த ஆறிய காபியை இந்தப் பெண் கொட்டுகிறாளா, அல்லது பகலெல்லாம் உழைத்த களைப்பில் இருட்டிலே நின்றபடி தானே குடித்துவிடுகிறாளா? கேள்விகள் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தால் கரு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சுவிட்ஜர்லாந்து ஆசாமியைப் பற்றி எனக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை.

ருஷ்ய எழுத்தாளர் செகாவிடம் ஒரு சமயம் கொரலென்கோ என்ற சக எழுத்தாளர் பேசிக்கொண்டிருந்தார். கதை எழுதும் விதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. செகாவ் மேஜையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் அகப்பட்ட ஆஷ்டிரே ஒன்றை எடுத்து வைத்து, வேண்டுமானால் நாளைக்கே இதன் பெயரில் ஒரு கதை தயார் என்றாராம். சிகரெட் சாம்பல் தட்டும் பாத்திரத்துக்கே அந்த யோக்கியதை உண்டென்றால் காபி டம்ளருக்கு இல்லையா?

வீட்டுக்கு வெளியே வந்தாலும் சங்கதிக்குப் பஞ்சமில்லை. இப்போது எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக் குனிந்துவிட்டார்கள், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் ஊர்க்கதை பேசும் காலம் போய்விட்டது என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கைப்பேசியைப் போல எழுதுகிறவனுக்கு உபகாரம் செய்த யந்திரம் வேறில்லை. முன்னெல்லாம் இரண்டு பேர் பேசினால் முழுப் பேச்சும் காதில் விழுந்துவிடும். இப்போது பாதிதான் விழுகிறது. மறுபாதியை நாமே இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. அதைவிட நல்ல அப்பியாசம் ஏது?

சென்ற மாதம் சென்னையில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண்மணி காதில் போனை வைத்துக்கொண்டு வெகு நேரம் வெறும் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தார். இறங்குவதற்குச் சற்று முன்னால் சொன்னார்: "சரிண்ணா. பாத்திரமெல்லாம் நீயே வச்சுக்கோ. அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன்." அவ்வளவுதான். இருபது ரூபாயை நீட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த அண்ணன் என்ன சொல்லியிருப்பான்? பாத்திரம் வேண்டும் என்றானா, அம்மா வேண்டாம் என்றானா? இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னானா? நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஆட்டோ இரண்டு நிறுத்தம் போய்விட்டது.

அந்தப் பெண்மணியின் பின்னாலேயே போய் முழு விவரத்தையும் விசாரித்திருந்தால்? கதை கெட்டுப் போயிருக்கும். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு பெரிய மனிதரின் சாட்சியம் இருக்கிறது. 1893-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் சமயத்தில், லண்டனில் ஒரு விருந்து. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீமாட்டி, தமக்குத் தெரிந்த ஒரு தாயாரும் அவளுடைய ஒரே மகனும் அருமையான மேஜை நாற்காலி, அலங்காரச் சாமான்களுக்காகச் சண்டை போட்டுக்கொள்வதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தகப்பனார் போனபின் சாமான் யாருக்கு என்று தகராறு. நம்மூரில் வெண்கல உருளிக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடக்கிற அதே சண்டைதான். ஜேம்ஸுக்கு உடனே பொறி தட்டிவிட்டது. சீமாட்டியோ உற்சாகமாக மேலே மேலே விவரம் சொல்லிக்கொண்டே போனார். 'ஐயோ, போதுமே! நிறுத்தக் கூடாதா?' என்று மனிதர் உள்ளுக்குள் தவித்தாராம். நடந்தது முழுவதும் தெரிந்துவிட்டால் நடக்கக்கூடியதைக் கற்பனை செய்ய இடமில்லாமல் போய்விடுமே! அந்த இரண்டு வாக்கியத்திலிருந்து அவர் எழுதிய நாவல் 'தி ஸ்பாயில்ஸ் ஆஃப் பாயின்டன்'. 1897-ல் புத்தகமாயிற்று.

எங்கள் காரியாலயத்துக்கு வரும் கதைகளில் சிலவற்றின் தலைப்புக்கு மேலே சிவப்பு மசியில், 'இது முழுக்க முழுக்க உண்மையில் நடந்தது' என்று எழுதியிருக்கும். அதைக் கண்டாலே உதவி ஆசிரியர்களுக்கு ஒரு நடுக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதினால் அது பஞ்சாயத்து மனு. பக்கத்து வீட்டுக்காரியை அடையாளம் தெரியும்படி எழுதினால் வம்பு. வம்பு படிக்கச் சுவையாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நாள் அந்த வீட்டில் மோர்க்குழம்புக்குக் கறிவேப்பிலை கேட்டுப் போய் நிற்க முடியாது.

'நான் எங்கும் போனவளில்லை' என்று நம் வாசகி வருத்தப்பட்டாரே, அதற்கு வருகிறேன். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தவர். பால்ய விவாகம், பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாடகம் தோன்றியது. சரளமாக எழுத வராது. என்ன செய்தார்? தாம் சொல்லச் சொல்ல ஒரு தோழியை எழுதச் சொன்னார். 'இந்திர மோகனா' அப்படிப் பிறந்ததுதான். பிறகு 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையையே நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள்!

ஆர். சூடாமணி (1931–2010) இன்னொருவர். சிறு வயதில் உடல்நலம் குன்றியதால் வீட்டிலிருந்தே படித்தவர். வெளியே சுற்றி அனுபவம் சேர்த்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தாயும் பெண்ணும் ஒரே அறையில் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்துக்குள் என்னென்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு உலகம் சுற்றியவர்களுக்குத் தெரியாது. இடைசெவல் கிராமத்துக் கி. ராஜநாராயணனோ, தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் சொல்லிச் சிரிப்பார். பார்த்த மழை வீண் போகவில்லை.

ஆனால் ஒன்று. கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டால் போதும், கதை கொட்டும் என்று நான் சொன்னால் அது பாதி உண்மைதான். ஷேர் ஆட்டோவில் என்னோடு இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த வாக்கியம் அவர்கள் காதிலும் விழுந்தது. என்னை மட்டும் அது ஏன் பிடித்துக்கொண்டது? எங்கள் குடும்பத்திலும் ஒரு பாட்டி, மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று டிரங்குப் பெட்டியோடு சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டி என் மனத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வருவது உள்ளே ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மைசூரில் ஆர். கே. நாராயண் இருந்தார். சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, எழுதியது இங்கிலீஷில். ஆரம்ப காலத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மைசூர் நிருபர். அச்சில் எத்தனை அங்குலம் வருகிறதோ அதற்குத் தக்கபடி கூலி. ஆகவே கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், முனிசிபாலிடி, மார்க்கெட் என்று தினமும் தெருத்தெருவாக நடந்தார். குடும்பம் நடத்துவதற்காக நடந்த நடைதான். ஆனால் மால்குடியின் மனிதர்களை அவர் சந்தித்ததும் அந்தத் தெருக்களில்தான்.

எல்லாம் தெருவிலேயே கிடைத்துவிடவும் இல்லை. 1939-ல், கல்யாணமாகி ஐந்தே வருஷத்தில், மனைவி ராஜம் டைபாயிட் ஜுரத்தில் போய்விட்டார். கையில் சின்னஞ்சிறு பெண் குழந்தை. நாராயண் பல காலம் பேனாவையே சரியாகத் தொடவில்லை. அந்தத் துக்கம்தான் 1945-ல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாக வந்தது. 'எழுதுவதற்குக் கரு வேண்டும்' என்று கேட்கிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கருவை யாரும் விரும்பித் தேடிப் போவதில்லை. அதுவாக வந்து கதவைத் தட்டினால், எழுதி முடிக்க ஆறு வருஷம் ஆனாலும் குற்றமில்லை.

பின்னொரு சமயம் நாராயண் மனத்தில் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு இஷ்டமில்லாமலே ஒருவன் சாமியார் ஆக்கப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? எண்ணம் இருந்தது, அதை நிறுத்திவைக்க ஓர் இடம் இல்லை. அந்தச் சமயம் பார்த்து மைசூரில் கடும் பஞ்சம். கிருஷ்ணராஜ சாகரம் அணை வறண்டு அடித்தரை தெரிந்தது. வேறு வழியில்லாமல் மழைக்காக ஜபம் நடத்த ஏற்பாடாயிற்று. காய்ந்து கிடந்த காவேரிப் படுகையில், எங்கிருந்தோ கொண்டுவந்து தேக்கிய முழங்கால் அளவுத் தண்ணீரில் வைதிகர்கள் சிலர் நின்று, உபவாசம் இருந்து, பதினோரு நாள் மந்திரம் ஜபித்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது!

ஊரே இதைப் பார்த்தது. பத்திரிகைகளும் எழுதின. நாராயணுக்கு மட்டும் அந்த முழங்கால் தண்ணீரில் வைதிகர்களுக்குப் பதிலாக, ஜெயிலிலிருந்து விடுதலையாகி வந்து, சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுச் சாமியாராக உட்கார்ந்துவிட்ட ஒரு போக்கிரி பசியோடு நிற்பது தெரிந்தது. 1956-ல் அமெரிக்காவுக்குப் போனவர், பெர்க்கிலி நகரத்தில் ஒரு ஹோட்டல் அறையில் அடைந்து கிடந்து அந்தக் காவேரியை எழுதினார். 'தி கைட்' 1958-ல் வெளிவந்தது; 1960-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது.

நாவலின் கடைசிப் பக்கத்தில், உபவாசத்தால் கால் துவண்டுபோன ராஜு ஆற்றில் இறங்குகிறான். மலைப்பக்கம் மழை பெய்வது தன் காலில் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே சரிகிறான். மழை நிஜமாகவே பெய்ததா, அவன் பிழைத்தானா என்று நாராயண் சொல்லவில்லை. 1965-ல் தேவ் ஆனந்த் நடித்து வந்த ஹிந்திப் படத்தில் மட்டும் மழை கொட்டு கொட்டென்று கொட்டிற்று.