முத்திரைக்கேற்ற அச்சு, அச்சுக்கேற்ற முத்திரை

முத்திரை என்னும் சொல் நம் நாட்டில் இரு பொருள்களிலே வழங்குகின்றது. கடிதவுறையின்மேல் ஒட்டுவதும் முத்திரையே. கந்தோர் மேசையில் மைதோய்த்துப் பதிப்பதும் முத்திரையே. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட கைவேலை இரண்டாவதைச் சார்ந்தது. எனினும், முதலாவதிலிருந்து தொடங்குவோமாயின் விஷயம் எளிதில் விளங்கும்.

இலங்கையின் முதலாவது தபால் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்தது. இன்றைய முத்திரைகளைப் போன்று ஓரத்திலே துளைகள் அதற்கு இல்லை. தாளிலிருந்து ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் வெட்டியே எடுத்தனர். அக்காலத்து முத்திரைகள் சிலவற்றில் விக்டோரியா அரசியின் தலை எண்கோணச் சட்டத்தினுள் அமைந்திருந்தது. சிலர் அந்த எண்கோணத்தையொட்டியே வெட்டிவிட்டனர். வேறு சிலர் அவசரத்திலே ஓரத்தைக் கடித்துவிட்டனர். இன்று முத்திரை சேகரிப்போர் அவ்வாறு வெட்டுண்டவற்றுக்குச் சொற்ப விலையே கொடுப்பர். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் குறையாமலிருப்பதற்கோ பெருவிலை கொடுப்பர். படம் ஒன்றே, மையும் ஒன்றே; வெட்டு ஒன்றுதான் வேறு. பதித்த உருவமும் வெட்டிய விளிம்பும் ஒத்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வாழ்த்து மடல் செய்வோர் இன்று கையாளும் முறை ஒன்றுண்டு. றப்பர் முத்திரையால் ஒரு பூவைப் பதிக்கின்றனர். பின்னர் அப்பூவின் வடிவத்துக்கே அமைந்த உருக்கு அச்சொன்றை அதன்மேல் வைத்து அழுத்த, பூ தனியே வெட்டுண்டு வருகின்றது. இவ்வச்சை ‘டை’ என்று கடைகளில் அழைப்பர். பிஸ்கற் மாவை வட்டமாகவும் நட்சத்திரமாகவும் வெட்டுவதற்கு நம் இல்லங்களிலே தகர அச்சு வைத்திருக்கின்றோமல்லவா? அதன் நுண்ணிய தங்கையே இது. மெல்லிய உருக்குத் தகட்டை இரசாயன முறையால் அரித்து, ஒரு பக்கத்தில் மட்டும் கூரிய விளிம்பு எழும்பி நிற்குமாறு இதனைச் செய்கின்றனர்.

முறை புதிதாயினும் எண்ணம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஜேர்மனியில் வண்ணப் படங்களைத் தாளில் அச்சிட்டு, அவற்றின் உருவத்துக்கேற்ற உருக்கு அச்சுகளால் வெட்டி, பிள்ளைகள் ஏட்டிலே ஒட்டி மகிழ்வதற்காகப் பிறநாடுகளுக்கும் அனுப்பினர். அப்படங்கள் உதிர்ந்துவிடாதபடி சிறு தாட்கீற்றுகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. அன்று தொழிற்சாலையிலே பெரும் இயந்திரம் செய்த வேலையை இன்று சாப்பாட்டு மேசையின்மேல் வைக்கும் சிறு இயந்திரம் செய்கின்றது. வித்தியாசம் அவ்வளவே.

முத்திரையின் றப்பருக்கும் நமக்கும் உறவுண்டு. றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிபெறும் என்பதை 1839ஆம் ஆண்டிலே அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கண்டார். அதன் பின்னரே எழுத்தையும் படத்தையும் கூர்மையாகத் தாங்கவல்ல றப்பர் முத்திரை தோன்றுதல் சாத்தியமாயிற்று. 1876ஆம் ஆண்டிலே பிரேசிலின் றப்பர் மரக்கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக நம் நாட்டுக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. உறைந்த றப்பர்ப் பாலை இரு உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கும் இயந்திரத்தைக் களுத்துறை, கேகாலைப் பகுதிகளில் வாழ்வோர் கண்டிருப்பர். மடல் செய்வோரின் வெட்டு இயந்திரமும் அதே அமைப்புத்தான். கைப்பிடியைச் சுற்ற, இரு உருளைகள் தம்மிடையே வருவதை நெருக்குகின்றன.

இனிச் செய்முறையைக் காண்போம். தாள் வழுவழுப்பாகவும், சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத கனமுடையதாகவும் இருத்தல் நன்று. முத்திரையில் மையை அழுத்திப் பூசாது மெல்லத் தட்டிப் பூசவேண்டும். மை மிகுந்தால் கோடுகள் பருத்து உருவமே பெரிதாகிவிடும். பதித்தபின் மை நன்றாக உலரும்வரை பொறுத்தல் வேண்டும். ஈர மையோடு உருளைக்குள் செலுத்தினால் மேல்தகடு மையை இழுத்துத் தாளெங்கும் பூசிவிடும். உலர்ந்தபின் அச்சின் கூர்விளிம்பு தாளை நோக்குமாறு படத்தின்மேல் வைத்து, நாற்புறமும் வெள்ளை ஓரம் சமமாகத் தெரிகின்றதா என்று நேர்மேலிருந்து பார்க்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். பின் எளிதிற் பெயரும் ஒட்டுநாடாத் துண்டு இரண்டால் அச்சை அசையாமற் பிடித்து, மேலும் கீழும் தகடுகளை வைத்து உருளைக்குள் செலுத்துக. கைப்பிடியைச் சுற்றுபவர் ஒருவர், தகட்டைத் தள்ளுபவர் வேறொருவர் என்றிருத்தல் ஆகாது. சிறுவரின் விரல்கள் உருளைக்கருகே செல்லாதிருக்கப் பெரியவர் எவரேனும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஐம்பது மடல்கள் செய்வோர்க்கு வேறு வழியுண்டு. முதலில் ஐம்பது வெற்று உருவங்களை வெட்டிக்கொள்க. ஒன்றை வெட்டியெடுத்தபின் எஞ்சிய துளையுள்ள தாளை எறியாது மேசையில் ஒட்டி வைக்க, அதுவே ஓர் அளவுச் சட்டமாகும். வெட்டிய உருவத்தை அத்துளைக்குள் பொருத்தி அதன்மேல் முத்திரையைப் பதிக்க, ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் விழும். கண்ணாடிபோற் தெளிந்த பிசின் முத்திரை இதற்கு மிக உகந்தது. அதனூடாகக் கீழே உள்ளதைக் காணலாமல்லவா?

இணையாக விற்கப்படும் முத்திரையும் அச்சும் சில வேளைகளில் ஒவ்வாதிருப்பதேன் என்று கேட்போர் உளர். றப்பர் வார்ப்பிலிருந்து வெளிவந்து குளிரும்போது சற்றே சுருங்கும். தெளிந்த பிசின் முத்திரையோ மென்மையானது, அழுத்தினால் விரியும், இழுத்து ஒட்டினால் நீளும். உருக்கு இவ்விரண்டையும் செய்யாது. ஆகவேதான் அச்சைப் படத்தினும் ஓரிரு மில்லிமீற்றர் பெரிதாக அமைக்கின்றனர். அந்த வெள்ளை ஓரம் அழகுக்காக மட்டும் விடப்பட்டதன்று. பிழையைப் பொறுத்துக்கொள்வதற்காக விடப்பட்ட இடமுமாகும்.

இவையெல்லாம் கைத்திறன் பற்றியவை. ஆயினும் நம் குடும்பங்களைப் பொறுத்தவரை ஆராயவேண்டிய விஷயம் மற்றொன்று உண்டு. இணையாக வரும் தொகுதிகள் பெரும்பாலும் பிறநாட்டவருக்கென அமைந்தவை. பனித்துளியும் ஊசியிலை மரமும் ஆங்கில வாழ்த்துரையுமே அவற்றில் மலிந்திருக்கும். பொங்கற்பானையையும் நிறைகுடத்தையும் பனையையும் கோலத்தையும் அவற்றிலே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பணத்தைச் செலவிட்டு, தைத்திருநாளுக்குப் பனி பெய்யும் மடலை அனுப்புவது பொருத்தமாகுமா?

இதற்கு நாம் கூறும் வழி, அச்சுக்கேற்ப முத்திரையை அமைத்தலாகும். உருக்கு அச்சை இல்லத்தில் செய்தல் இயலாது, செய்விப்பதும் செலவானது. முத்திரையோ அப்படியன்று. கந்தோர்களுக்கு முத்திரை செய்து கொடுக்கும் கடைகள் நம் பட்டினங்களிலே உள்ளன. வரைந்து கொடுத்த படத்தை லேசர் கதிரால் றப்பரிலே செதுக்கித் தருவோரும் இன்றுண்டு. ஆகவே, ஒன்றினுள் ஒன்று அடங்கும் வட்ட அச்சுத் தொகுதி ஒன்றை மட்டும் வாங்குக. அவற்றுள் ஒன்று 6 சென்ரிமீற்றர் விட்டமுடைய வட்டத்தை வெட்டுமாயின், உங்கள் படத்தை 5.6 சென்ரிமீற்றர் விட்டத்துள் வரைக. சுற்றிலும் 2 மில்லிமீற்றர் ஓரம் கிடைக்கும். அவ்வட்டத்தினுள் ஓராண்டு பானை, மறு ஆண்டு குத்துவிளக்கு, தங்கையின் திருமணத்துக்கு மயில் என்று எத்தனை முத்திரையும் செய்விக்கலாம். அச்சு ஒன்றே போதும். ‘பொங்கல் வாழ்த்து’ என்பதையும் உங்கள் கையெழுத்திலேயே அதனுள் அமைக்கலாம். நத்தாருக்கும் பெருநாளுக்கும் மடல் அனுப்புவோர் தத்தமக்குரிய உருவத்தை வரைந்துகொள்வர்.

இயந்திரமே வாங்க இயலாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. பென்சிற் கோட்டை அழிக்கும் றப்பர்த் துண்டிலே படத்தைச் செதுக்கலாம். எழுத்தாயின் கண்ணாடியிற் தெரிவதுபோல் இடம்வலமாக மாற்றிச் செதுக்கவேண்டும் என்பதை மறவற்க. செதுக்கவும் நேரமில்லையெனின் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மைதோய்த்துப் பதிக்க, அழகிய பூவொன்று விழும். உலர்ந்தபின் கத்தரிக்கோலால் 2 மில்லிமீற்றர் ஓரம் விட்டு வெட்டுக. வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாது தாளையே திருப்பவேண்டும். இதுவே வளைவு உடையாமல் வருவதற்குரிய இரகசியம். இவ்வாறு இருபது பூக்களை வெட்டிய கையும் கண்ணும் பின்னர் இயந்திரத்தின் முன் அமர்ந்தால் ஒரு தாளும் வீணாகாது. ஓரம் சமமா என்று பார்க்கும் வேலையை எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்வதில்லை.

மடலின் அளவையும் கூறிவிடுகின்றோம். ஏ4 தாளை அகலவாட்டில் இரு சம பாகமாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவே மடித்தால் ஏ6 அளவுள்ள இரு மடல்கள் கிடைக்கும். 6 சென்ரிமீற்றர் வட்டம் அதன் முகப்பிலே தாராளமாக அமரும். வேலை முடிந்ததும் முத்திரையை ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாத பெட்டியிலே வைக்கவேண்டும். வெயில் றப்பரைக் கெடுக்கும்.

தைப்பொங்கலுக்கு மடல் செய்ய விரும்புவோர் மார்கழி பிறக்குமுன்னரே படத்தை வரைந்து முத்திரைக் கடையில் கொடுத்துவிடுதல் நன்று. கடல்கடந்து வாழும் உறவினருக்கும் அனுப்புவோராயின் இன்னும் முந்திக்கொள்க. தபாலில் அம்மடலைப் பெறுபவர் அதிலே காணப்போவது உங்கள் வீட்டுப் பானையாகவும், உங்கள் கையெழுத்தாகவும் இருக்கட்டும்.