துருப்பிடித்த இரும்பிலும் நம் வியர்வை உண்டு



மலையகத்தில் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைகள் பல நிற்கின்றன. ஜன்னல் உடைந்து, கூரை துருப்பிடித்து, உள்ளே ரோலரும் டிரையரும் தூசி படிந்து கிடக்கின்றன. ஒருநாள் லொறி வருகிறது. இரும்பு ஏறுகிறது, லொறி போகிறது. எத்தனை கிலோ, என்ன விலை, பணம் எங்கே என்று பிரட்டுக்களத்தில் யாரும் அறிவிப்பதில்லை.

அங்கே கிடந்த ஒரு பழைய தகரத்தை, ஒழுகும் லயத்துக் கூரைக்காக ஒரு தொழிலாளி எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. விசாரணை, வேலை இடைநிறுத்தம், பொலிஸ்! லொறிக் கணக்கில் போனால் அதற்குப் பெயர் விற்பனை. இது என்ன நியாயம்?

இது யாருடைய சொத்து? 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் இன்றும் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். அந்த இயந்திரங்களை ஓட்டித் தேய்த்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்.

“பழசுக்கு என்ன மதிப்பு?” என்று கேட்பார்கள். கந்தப்பளைக்குப் போய்ப் பாருங்கள். மூடிக் கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலை இன்று உல்லாச ஹோட்டல். பழைய இயந்திரங்களே அங்கே காட்சிப் பொருட்கள். பணக்காரர் கையில் பாரம்பரியம், நம் கையில் மட்டும் குப்பையா?

நாம் கேட்பது தோட்டந்தோறும் தொழிலாளர் கூட்டுறவுப் பட்டறை. கழித்த இரும்பும் பலகையும் தகரமும் வெளியாருக்குப் போகுமுன் முதலில் அந்தப் பட்டறைக்கு வரட்டும். நம் இளைஞர்கள் கொழும்பில் அடுத்தவன் கடையில் வெல்டிங் பிடிக்கிறார்கள். அந்தக் கை இங்கே கதவும் கட்டிலும் கோழிக்கூடும் செய்யும். பழைய பலகையில் பிள்ளைகள் படிக்க மேசை செய்யலாம். தைக்கத் தெரிந்த பெண்கள் வெற்று மாவுப் பைகளில் சந்தைப் பை தைக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தொடக்கூடாது. மருந்து கேன்களில் ஒருபோதும் தண்ணீர் பிடிக்கவேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுக்கவேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும். அவற்றைப் பாதுகாப்பாக அகற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. நஞ்சை நமக்குத் தள்ளிவிட்டு இரும்பை விற்க விடமாட்டோம்.

“தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் ஏற்கனவே இருக்கிறதே” என்பார்கள். துரை தலைவராக உட்காரும் சங்கத்தில் நம் குரல் எங்கே எழும்? கூட்டுறவு என்றால் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. தலைவரை நாமே தெரிவு செய்யவேண்டும். நிர்வாகக் குழுவில் பெண்கள் சரிபாதி இருக்கவேண்டும். வரவு செலவு மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படவேண்டும். நம் சங்கத் தலைவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பழைய தகரத்தைக் கொடுத்துவிட்டு, சம்பளத்தையும் காணியையும் வீட்டையும் மறக்கச் சொன்னால் அது நடக்காது. இது அந்த உரிமைகளுக்கு மாற்றல்ல, அவற்றோடு சேர்ந்த கோரிக்கை.

தோட்டக் கமிட்டிகள் உடனே கூடட்டும். தொழிற்சாலையிலும் ஸ்டோரிலும் கழித்துப் போட்டவற்றைப் பட்டியலிட்டு, எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கேளுங்கள். பதில் வரும்வரை ஓர் ஆணி வெளியே போனாலும் கணக்குக் கேளுங்கள்!