தண்டப்பணம் கட்டுவது யார்?

மது அருந்திவிட்டு வாகனம் செலுத்திய குற்றச்சாட்டின் பேரில் நீதிவான் நீதிமன்றங்களில் நிறுத்தப்படுவோர் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள்தான். ஆனால், அவர்களுக்கு விதிக்கப்படும் தண்டப்பணத்தைத் தேடித் திரட்டிக்கொண்டு வருவோரில் கணிசமானவர்கள் அவர்களது மனைவியர் என்பதை நீதிமன்ற வளாகங்களில் ஒரு காலைப் பொழுதைக் கழித்த எவரும் அறிவர். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகன திருத்தச் சட்டம் இக்குற்றத்துக்கு 25,000 ரூபாவுக்குக் குறையாத, 30,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டத்தை விதித்தது. மூன்று மாதம் வரையிலான சிறைத் தண்டனைக்கும், பன்னிரண்டு மாதம் வரை சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் அதில் இடமுண்டு. குற்றவாளிக்கு உறைக்க வேண்டும் என்பதே இத்தொகையை உயர்த்தியவர்களின் எண்ணம். நாட்கூலிக்குச் செல்லும் ஒருவரின் குடும்பத்தில் 25,000 ரூபா எங்கிருந்து வருகிறது? அடகுக் கடையிலிருந்து வருகிறது; நுண்கடன் நிறுவனத்தின் வாராந்தக் கடனிலிருந்து வருகிறது. காதில் கிடந்த தோடு கழற்றப்படும்போது தண்டனை யாரைச் சென்றடைகிறது என்பதைச் சட்டத்தை ஆக்கியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதைத் திருகோணமலையை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தைச் சுற்றி அமைந்த இம்மாவட்டத்தில் நகரமும் கிராமமும் நீரினால் பிரிக்கப்பட்டும் வீதியினால் இணைக்கப்பட்டும் கிடக்கின்றன. சீனக்குடாவின் மாவு ஆலையையும் சீமெந்துத் தொழிற்சாலையையும் எண்ணெய்த் தாங்கிகளையும் நோக்கிப் பாரவூர்திகள் இரவு பகலாக ஓடுகின்றன. அதே வீதியில்தான் மீன்பிடித் துறையிலிருந்தும் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலிருந்தும் வேலை முடிந்தவர்கள் மோட்டார் சைக்கிள்களில் வீடு திரும்புகிறார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமான அப்பாலம் இம்மக்களுக்குக் கிடைத்த பெரும் வரப்பிரசாதம் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. எனினும், பழைய பாதைச் சேவைக் காலத்தில் கடைசிப் பாதை போய்விட்டால் நகரத்திலேயே தங்கிவிட வேண்டியிருந்தது. இன்று நள்ளிரவிலும் வழி திறந்தே கிடக்கிறது. பாலத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்னர் நீர் செய்த காவலை இப்போது எவர் செய்கிறார் என்று கேட்பதற்காகச் சொல்கிறோம். அந்தக் காவலை, வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருக்கும் ஒரு பெண்ணிடம் நாம் சத்தமின்றி ஒப்படைத்துவிட்டோம்.

அவள் எங்கே போய் முறையிடுவது? பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் இது குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற ஆலோசனையே பெரும்பாலும் கிடைக்கிறது. இலங்கையின் பொதுச் சட்டப்படி விவாகரத்துக்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வகுத்த காரணங்கள் மூன்றுதான்: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. குடி அப்பட்டியலில் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. அடி உதை மட்டுமன்றி மனரீதியான கொடுமையும் அதனுள் அடங்குகிறது; நீதிவான் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம், உளவளத் துணைக்கும் அனுப்பலாம். ஆயினும், கை நீட்டாத, ஆனால் குடித்துவிட்டுப் பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்திக்கொண்டு புறப்படும் கணவனைப் பற்றி அச்சட்டத்தின் கீழ் முறையிட வேண்டும் என்று எத்தனை பெண்களுக்குத் தோன்றும்? அடிக்கவில்லையே, பிறகு என்ன குறை என்று கேட்கும் உறவினர்களே நம்மிடையே அதிகம்.

முஸ்லிம் குடும்பங்களில் இந்த மௌனம் இன்னும் கனமானது. மது விலக்கப்பட்டது என்பதாலேயே, அது வீட்டுக்குள் இருப்பதை ஒப்புக்கொள்வதும் இயலாததாகிவிடுகிறது. கணவன் குடிக்கிறான் என்று வாய் திறந்தால் பள்ளிவாசலில் அவனது பெயரும், மகளின் கலியாணப் பேச்சில் குடும்பத்தின் பெயரும் கெடும் என்ற அச்சம் அவளை அடைத்துவிடுகிறது. காதி நீதிமன்றத்தில் கணவனின் குற்றத்தை நிரூபித்துப் பஸஹ் பெறும் வழி 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் உண்டு. ஆனால், பிரிவதற்கு விரும்பாமல், அவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று மட்டுமே விரும்பும் பெண்ணுக்கு அந்த வழி எதற்கு? நம் பெண்களில் பெரும்பாலானோர் கேட்பது விடுதலையை அல்ல; கணவனின் குடியிலிருந்து ஒரு விடிவை. கோயில் நிர்வாகங்களும் ஜமாஅத்துகளும் குடிகாரனை ஒதுக்கி வைப்பதில் காட்டும் உறுதியில் சிறு பகுதியையாவது அவனது மனைவியின் பேச்சை இரகசியமாகக் கேட்டுக்கொள்வதில் காட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

சட்டத்தின் அளவுகோலும் ஆராயத்தக்கது. இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே நீண்ட காலமாக எல்லையாக இருந்து வந்துள்ளது. உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைப்பது 50. இந்தியாவில் 30. அதாவது, நாகப்பட்டினத்தில் குற்றவாளியாகும் ஒருவர் திருகோணமலையில் அதே அளவு குடித்துவிட்டு நிரபராதியாக வீதியில் செல்லலாம். இதைவிட அபாயமானது மறுநாள் காலையைப் பற்றிய அறியாமை. கால் போத்தல் சாராயம் உடலைவிட்டு நீங்க ஆறேழு மணித்தியாலங்கள் தேவை; அரைப் போத்தலுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு நேரம். தேசிக்காய்ச் சாறோ, கோப்பியோ, கிணற்றடிக் குளிப்போ இதைச் சற்றும் விரைவுபடுத்துவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு அரைப் போத்தலை முடித்துவிட்டு உறங்கி எழுந்து காலை ஆறு மணிக்குப் பாடசாலை வேனை எடுப்பவர், தான் தெளிந்துவிட்டதாகவே நம்புகிறார். அவரது மனைவியும் அப்படியே நம்பித் தேநீர் கொடுத்து அனுப்புகிறாள்.

பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் மனைவியின் பொறுப்பு என்ன என்ற கேள்வியை யப்பான் நேராகவே எதிர்கொண்டது. 2006 ஓகஸ்ட் 25ஆம் திகதி இரவு, அந்நாட்டின் புகுவோக்கா நகரில் குடிபோதையிலிருந்த மாநகர ஊழியர் ஒருவர் பாலத்தின் மீது ஒரு குடும்பத்தின் வாகனத்தைப் பின்னாலிருந்து மோதினார். வாகனம் கடலில் வீழ்ந்தது. பெற்றோர் தப்பினர், ஒன்று, மூன்று, நான்கு வயதான மூன்று பிள்ளைகளும் இறந்தனர். மறு ஆண்டே அந்நாடு சட்டத்தைத் திருத்தியது. குடித்தவர் மட்டுமன்றி, அவருக்கு வாகனம் கொடுத்தவரும், மது பரிமாறியவரும், அவர் குடித்திருப்பதை அறிந்தும் தம்மை ஏற்றிச் செல்லும்படி கேட்டுக்கொண்டு உடன் சென்றவரும் தண்டனைக்குரியவராயினர். நம் நாட்டிலும் அவ்வாறு வேண்டும் என்று வாதிடுவோர் உளர். மது பரிமாறியவரையும் வாகனம் கொடுத்தவரையும் பொறுத்தவரை நமக்கும் அதில் உடன்பாடே. ஆனால், உடன் செல்லும் மனைவியைக் குற்றவாளியாக்கும் சட்டம் இங்கே பொருந்தாது. இரவு பத்து மணிக்குக் கலியாண வீட்டிலிருந்து கைக்குழந்தையுடன் திரும்ப வேண்டிய பெண்ணுக்கு பஸ் இல்லை. முச்சக்கர வண்டிக்குக் காசு இல்லை. ஏற மாட்டேன் என்றால் சபையில் அவமானம். அவள் மறுப்பதற்கு முதலில் சுற்றியிருப்போர் துணை நிற்க வேண்டும். அந்தக் கலியாண வீட்டில் இருக்கும் மாமனோ மைத்துனனோ, சாவியைத் தா என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. மனைவி கேட்டால் அது சண்டையாகிறது. மாமன் கேட்டால் அது அக்கறையாகிறது. இந்த வேறுபாடு நியாயமானதல்ல. ஆனால், உயிரைக் காப்பதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் செய்யத்தக்கவையும் தகாதவையும் சில உண்டு. போதையில் இருப்பவருடன் வாதிடுவதால் பயனில்லை. பேச வேண்டியது மறுநாள் தெளிந்த வேளையில். சாவியை ஒளிக்க வேண்டுமானால் அவர் குடிக்கத் தொடங்குமுன் ஒளிக்க வேண்டும்; பின்னர் பறிக்க முயல்வது அடியில் முடியக்கூடும். விபத்து நேர்ந்த பின், வாகனத்தை ஓட்டியது வேறொருவர் என்று வாக்குமூலம் கொடுக்கும்படி மனைவியை வற்புறுத்துவது நம்மூர்களில் அறியாத விடயமல்ல. அதற்கு இணங்குபவள் தானும் குற்றவாளியாகிறாள். முழுமையான காப்புறுதிப் பத்திரங்களிலும், சாரதி மது அருந்தியிருந்தால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை வழமையாக உண்டு. லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டி நொறுங்கினால், பிணை நின்று கையெழுத்திட்ட மனைவியே மிச்சத் தவணைக்குப் பொறுப்பு.

குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கும் மருந்து என்று விற்கப்படும் தூள்களையும் மாத்திரைகளையும் பற்றி எச்சரிப்பது அவசியம். மதுவுடன் சேரும்போது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் டைசல்பிராம் போன்ற மருந்தை, குடிப்பவர் அறியாமல் கொடுத்தால் உயிராபத்து நேரலாம். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த ஒருவரை ஓர் அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தச் செய்வதும் அவ்வாறே. வலிப்பும் சித்தக் கலக்கமும் ஏற்பட்டு மரணம் வரை போகலாம். ஆகவே, வைத்தியரின் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும்.

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, அச்சிகிச்சையில் மனைவிக்கும் இடம் உண்டு என்பதைத் தமிழுலகில் நிலைநாட்டியவர் ஒரு மனைவிதான். இந்தியாவின் நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இளம் வயதிலேயே இறந்தார். செல்வத்துக்கோ செல்வாக்குக்கோ குறைவில்லாத குடும்பம். அவை அவரைக் காப்பாற்றவில்லை. அவரது மனைவி சாந்தி ரங்கநாதன், புகுந்த வீட்டாரின் துணையுடன் 1980இல் கணவரின் பெயரிலேயே சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் தனியான சிகிச்சைத் திட்டம் உண்டு. குடிப்பவரின் மனைவியும் அச்சம், வெட்கம், தூக்கமின்மை, பொய் சொல்லிச் சமாளிக்கும் பழக்கம் ஆகியவற்றால் நலிந்திருக்கிறாள் என்பதை அந்நிலையம் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புகுந்த வீட்டார் அவரைக் குறை கூறாமல் கூட நின்றார்கள் என்பதே இவ்வரலாற்றில் நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய செய்தி. நம் பகுதியில், மகன் குடித்தால் மருமகளின் குணத்தை விசாரிக்கும் மாமியார்களுக்குப் பஞ்சமில்லை.

இலங்கையில் இதற்குச் சட்ட வழி ஏற்கெனவே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சிறு குற்றங்களுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதிலாகச் சமுதாயப் பணியையும், மது மற்றும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையையும் நீதிவான் கட்டளையிடலாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே நபர் அதே குற்றத்துக்காக வந்து நிற்கையில், மீண்டும் ஒரு தோட்டை அடகு வைக்கச் செய்வதைவிட இவ்வழி மேலானது. பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்யும்போது இக்கோரிக்கையை முன்வைக்கலாம், சட்டத்தரணிகளும் கேட்கலாம்.

அவசரமான வேளையில் 119க்கு அழைத்து வாகன இலக்கத்தைச் சொல்வது கணவனைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. ஆனால், தொலைபேசி இலக்கங்களால் மட்டும் நிறைவேறாத ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. பலூன் சோதனையில் சிக்கியவர் பல சந்தர்ப்பங்களில் வைத்தியப் பரிசோதனைக்காக அரசாங்க வைத்தியசாலைக்கே கொண்டுவரப்படுகிறார். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவர் குடித்திருக்கிறார் என்று வைத்தியர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. அதனுடன் சேர்த்து, கணவனும் மனைவியும் அப்பிரிவுக்கு வருவதற்கான திகதியைக் குறித்த ஒரு துண்டையும் கொடுக்கும்படி சுகாதார அதிகாரிகள் பணிக்க வேண்டும்.