செய்தி போய்ச் சேர்ந்ததா?

நம் சங்க இதழில் விளையாட்டைப் பற்றி எழுத என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு என்ன தகுதி என்று சில அன்பர்கள் கேட்கலாம். நான் எழுதப்போவது ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் பருவத்தைப் பற்றி. ஆனால் அந்தப் பருவம் முடிந்தது மைதானத்தில் அல்ல, தண்டவாளத்தில். இருப்புப் பாதைப் பராமரிப்பில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் வெஸ்ட் லாஃபாயெட் ஊரில் இருப்பது பர்டூ பல்கலைக்கழகம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் இடம் என்பதால் பெயர் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அதன் அணிக்குப் பெயர் 'பாய்லர்மேக்கர்ஸ்', அதாவது கொதிகலன் செய்பவர்கள். 1891-ல் எதிர் ஊர்ப் பத்திரிகை ஒன்று கேலியாகச் சூட்டிய பெயரை மாணவர்கள் பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டில் அந்தக் கல்லூரி ஒரு முழு நீராவி இஞ்சினைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பாடம் நடத்தியது. ரயிலோடு அவ்வளவு நெருங்கிய உறவுள்ள கல்லூரி அது.

அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மறிப்பவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டம். அந்தக் காலத்தில் அது செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. 1903-ஆம் ஆண்டுப் பருவத்தில் பர்டூ அணி அக்டோபர் 31 அன்று தன் பரம எதிரியான இந்தியானா பல்கலைக்கழக அணியை இந்தியானாபோலிஸ் நகரில் சந்திக்க இருந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம். அதற்காக 'பிக் ஃபோர்' என்று மக்கள் அழைத்த ரயில் கம்பெனி இரண்டு சிறப்பு ரயில்களை விட்டது. முதல் ரயிலில் 14 பெட்டிகள். இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஆட்டக்காரர்கள். பின்னால் வாத்தியக் குழுவும் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும். பல்கலைக்கழகத் தலைவரே அதில் பயணம் செய்தார்.

இந்தியானாபோலிஸ் எல்லையில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் அதே பாதையில் நிலக்கரி வாகன்களைத் தள்ளிக்கொண்டு ஒரு யார்டு வண்டி எதிரே வந்தது. ஓட்டுநர் இஞ்சினைப் பின்னோக்கித் திருப்பினார், நேரம் போதவில்லை. முதல் பெட்டி மரத்தால் ஆனது. அது சிதறிப்போயிற்று. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த அணியின் ஆட்டக்காரர்கள்.

காரணம் என்ன? சிறப்பு ரயில் வருகிறது என்ற செய்தி யார்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். கால அட்டவணையில் உள்ள வண்டி என்றால் பாதையில் வேலை செய்கிறவனுக்கு அது மனப்பாடம். அட்டவணையில் இல்லாத வண்டி வருவதை ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னால்தான் தெரியும். வழியில் இருந்த ஓர் ஊழியர் அதைச் சொல்லத் தவறினார்.

அந்த ஊழியர் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டுக் கோப்பை மூடுவது சுலபம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே ஒருவர் மறந்தால் 17 உயிர் போகும் என்றால், தவறு அந்த ஒருவரிடம் மட்டும் இல்லை. அவர் மறக்க முடியும் என்பதை எதிர்பார்க்காத ஏற்பாட்டிலும் இருக்கிறது. செய்தியைப் பெற்றேன் என்று யார்டு திருப்பிச் சொல்லாதவரை ரயில் நகரக் கூடாது என்று இருந்திருந்தால், மறதி ஒரு தாமதத்தோடு போயிருக்கும்.

நம் ரயில்வேயில் இந்தப் பாடத்தை விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' கொடுக்காமல் வண்டி கிளம்பாது. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில், கேட்டை மூடிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு 'பிரைவேட் நம்பரை' கேட்மேன் தொலைபேசியில் சொல்ல, நிலைய அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். "சொல்லிவிட்டேன்" என்பது அங்கே செல்லாது. "கேட்டுக்கொண்டேன்" என்ற பதில் வர வேண்டும்.

அப்படியும் விபத்து நடக்காமல் இல்லை. கரக்பூர் வழியாக ஊருக்குப் போய் வரும் நம்மில் யாருக்கும் 2023 ஜூன் 2 மறக்காது. பாஹாநாகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர் பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்ட் மட்டும் கிளைப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியதில் தொடங்கிய விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிக்னல் சுற்றில் மாற்றங்கள் செய்தபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது. 1903-ல் செய்தி போகவில்லை. 2023-ல் தவறான செய்தி போனது. நூற்றிருபது ஆண்டுகளில் கம்பிகள் மாறின, மனிதனின் கவனக்குறைவு மாறவில்லை.

பர்டூவுக்குத் திரும்புவோம். மோதல் நடந்தவுடன் அடிபடாத சிலர் வந்த வழியே தண்டவாளத்தில் பின்னோக்கி ஓடினார்கள். ஏனென்றால் இரண்டாவது சிறப்பு ரயில் சில நிமிட இடைவெளியில் அதே பாதையில் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். இல்லையென்றால் சாவு இன்னும் பல மடங்காகியிருக்கும். நம் கார்டுகளுக்கும் இதே கடமைதான்: வண்டி நடுவழியில் சிக்கினால் 600 மீட்டரில் ஒரு பட்டாசும், 1200 மீட்டரில் மூன்று பட்டாசும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். துக்கத்தின் நடுவிலும் பின்னால் வருகிறவனை நினைப்பவனே பொறுப்புள்ளவன்.

வால்டர் பெய்லி என்ற ஆட்டக்காரர் படுகாயப்பட்டும், முதலில் மற்றவர்களைக் கவனியுங்கள் என்று உதவியை மறுத்தார். ஒரு மாதம் கழித்து இறந்தார். ஹாரி லெஸ்லி என்பவரை இறந்துவிட்டதாக எண்ணிப் பிணவறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கேதான் உயிர் இருப்பது தெரிந்தது. அவர் 1929 முதல் 1933 வரை இந்தியானா மாநிலத்தின் ஆளுநராக இருந்தார்.

மீதி ஆட்டங்கள் ரத்தாயின. பருவம் அத்தோடு முடிந்தது. இங்கேதான் நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கல்லூரி பருவத்தை நிறுத்தியது, ஆட்டத்தை நிறுத்தவில்லை. 1904-ல் புதிய பிள்ளைகளைச் சேர்த்து அணி மீண்டும் களம் இறங்கி, 9 ஆட்டங்களில் வென்று 3-ல் தோற்றது. இறந்தவர்கள் நினைவாகச் சிலை வைத்து மாலை போடுவதோடு நிற்காமல், மாணவர்கள் தினமும் பயன்படுத்த ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டி 1909-ல் திறந்தார்கள். அதன் வாசலில் 17 படிகள், ஆளுக்கு ஒன்று. நூறாண்டு ஆன 2003-ல், ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் நுழையும் சுரங்க வழியையும் அவர்கள் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள்.

நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? எங்கோ ஒரு விபத்துச் செய்தி வந்தால் போதும், "பெண்ணை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம், பையன் கபடிக்குப் போக வேண்டாம்" என்று தீர்மானித்துவிடுகிறோம். ஊரை விட்டு வந்து வேற்று மொழி நடுவே பிழைக்கும் நமக்குப் பயம் இயல்புதான். ஆனால் பயம் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்குமே தவிர, பாதுகாக்காது. கேட்க வேண்டிய கேள்வி "போகலாமா?" என்பது அல்ல. "யார் பொறுப்பு? யாருக்குச் சொல்லியாயிற்று? அவர் பதில் சொன்னாரா?" என்பவைதான்.

நம் சங்கமும் ஆண்டுதோறும் பிள்ளைகளைப் போட்டிகளுக்கும் சுற்றுலாவுக்கும் பேருந்தில் அழைத்துச் செல்கிறது. பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் நேரம் மாறும், வண்டி மாறும், "எல்லோருக்கும் சொல்லியாச்சு" என்று யாரோ சொல்வார்கள். செயற்குழுவுக்கு என் யோசனை மூன்று. ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வண்டியிலும் ஒன்று சங்கத்திலும் இருக்கட்டும். மாற்றம் எதுவானாலும், எதிர்த் தரப்பில் பெற்றுக்கொண்டவர் திருப்பிச் சொன்ன பிறகே வண்டி நகரட்டும். இரவெல்லாம் ஓட்டிவந்த ஓட்டுநரை மறுபடி காலையில் ஓட்டச் சொல்லாமல் இருப்போம். இவற்றுக்குப் பணம் அதிகம் செலவாகாது. ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து தொலைபேசியில் பேச வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பயணத்துக்கு அந்த அரை மணி நேரத்தைத் தர நான் தயாராக இருக்கிறேன். கூட இன்னும் இருவர் முன்வந்தால் போதும்.