நிழலும் இருக்கையும்

டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில், 1962ஆம் ஆண்டு ஸ்ட்ரோயே என்னும் கடைத்தெருவில் வாகனங்கள் செல்வது நிறுத்தப்பட்டது. அந்தக் குளிரில் யார் வெளியே வந்து உட்காருவார்கள் என்று பலர் ஐயுற்றனர். இன்றோ குளிர்ந்த நாள்களிலும் மக்கள் மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு காப்பிக் கடைகளின் வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். வெயில் படும் பக்கத்தில் இருக்கை, குளிர்காற்றைத் தடுக்க ஒரு சுவர். குளிர்நாட்டுப் பொது இடங்களுக்கு இவ்விரண்டும் பெரிதும் உதவுகின்றன.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும். இங்கே வெயிலைத் தடுக்கவேண்டும், காற்றை வரவேற்கவேண்டும். பகல் வெப்பம் பெரும்பாலான நாள்களில் 31 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. காற்றில் ஈரப்பதமும் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. நிழல் இருந்தும் காற்று இல்லையென்றால் புழுக்கம்தான்.

இதற்குத் தோ பாயோவில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுமையாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் அது. அங்குள்ள பல புளோக்குகளின் கீழ்த்தளம் வீடுகள் இல்லாமல் திறந்தே இருக்கிறது. மேலே பத்து, பன்னிரண்டு மாடிகள் நிழல் தருகின்றன. தூண்களுக்கு இடையே காற்று தடையின்றி ஓடுகிறது. இதே அமைப்பைக் குளிர்நாட்டில் கட்டினால் கட்டடத்துக்கு அடியில் வீசும் காற்று நடப்பவர்களை நடுங்க வைத்துவிடும்.

நிலப் போக்குவரத்து ஆணையமும் தன் பங்கைச் செய்துள்ளது. 2013இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுவரை கூரையுள்ள நடைபாதைகள் அமைக்கப்பட்டன. தீவு முழுவதும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பாதைகள் இவ்வாறு சேர்ந்தன. மழையிலும் நனையாமல் வீடு போய்ச் சேரலாம். ஆனால் அந்தக் கூரை நடந்து செல்வோருக்கானது. வழியில் சற்றே நின்று இளைப்பாற நினைக்கும் மூத்தோருக்கு அது போதாது. தோ பாயோ 1960களில் உருவான நகரம். அங்கு வாழும் மூத்தோர் பலருக்குச் சந்தையிலிருந்து வீடுவரை ஒரே நடையில் செல்வது கடினம்.

“குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிகள் இருக்கின்றனவே, அங்கே உட்காரலாமே” என்று சிலர் கூறுவர். அங்குள்ள இருக்கைகளில் பெரும்பாலானவை உணவோ பானமோ வாங்குபவர்களுக்கு உரியவை. மேலும், உள்ளே குளிரூட்டும் இயந்திரம் வெளியேற்றும் வெப்பம் தெருவில்தான் வந்து சேர்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் குளிருக்கு அஞ்சிக் கட்டடங்களை மூடிய மேம்பாலங்களால் இணைத்தார்கள். மக்கள் மேலே நடக்கத் தொடங்கியதும் கீழே தெருக்கள் களையிழந்தன என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. வெப்பத்துக்கு அஞ்சி எல்லாரும் கடைத்தொகுதிக்குள் புகுந்துவிட்டால் இங்கும் அதே நிலைதான்.

ஆகவே திறந்தவெளியில் இருக்கைகள் கூடவேண்டும். அவை சரியான இடத்தில் இருக்கவேண்டும். இருக்கைக்கு மேலே கூரை இருந்தாலே நிழல் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது கூரையின் நிழல் நேர்கீழே விழும். மாலை ஐந்து மணிக்கோ வெயில் மேற்கிலிருந்து சாய்வாகப் புகுந்து இருக்கையைச் சுடும். மூத்தோர் வெளியே வர விரும்பும் நேரமும் அதுவே. கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கையைப் போட்டால் அந்தக் கட்டடமே நிழல் தரும், கூடுதல் செலவில்லை.

மரங்களும் வேண்டும். தூங்குமூஞ்சி மரம் குடைபோல் விரிந்து நிழல் தருவதோடு, இலைகளின்வழி நீராவியை வெளியிட்டுச் சுற்றுப்புறத்தையும் சற்றுக் குளிர்விக்கிறது. உலோகக் கூரையோ வெயிலில் தானும் சூடேறி அந்த வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. எனினும் மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும்; பெருமழையில் அது உதவாது. இரண்டையும் அருகருகே அமைப்பதே முறை.

கீழ்த்தளங்களில் குடியிருப்பாளர்கள் தங்கள் வீட்டுப் பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருப்பதைக் காணலாம். காற்று வரும் மூலை எது, மாலையில் வெயில் படாத தூண் எது என்பதை அவர்கள் அறிந்தே போடுகிறார்கள். அவற்றை அப்புறப்படுத்த வருபவர்கள், முதலில் அவை போடப்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம். புதிய இருக்கைகளை அங்கேயே அமைக்கலாம்.