கருமுட்டைத் தரகருக்கு நம் தெருவில் இடமில்லை

தோழர்களே! தறியில் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே! விடியுமுன் கம்பெனி வண்டி ஏறும் பிள்ளைகளே!

2022 ஜூன் மாதம் ஈரோட்டிலிருந்து வந்த செய்தியை யாரும் மறக்க வேண்டாம். 16 வயதுச் சிறுமி ஒருத்தி. 12 வயதிலிருந்து 8 முறை அவளிடமிருந்து கருமுட்டை எடுக்க வைத்து விற்றிருக்கிறார்கள். விற்றவர்கள் பெற்ற தாயும், தாயோடு வாழ்ந்த ஆளும். பெயரை மாற்றி, வயதைக் கூட்டிப் போலி ஆதார் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் தாய்க்கு 20,000 ரூபாய், தரகுப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் என்று செய்தி வந்தது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகும் இது போலி ஆதார் என்று ஒரு மருத்துவருக்கும் தோன்றவில்லையா?

ஈரோட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகத்துக்கு விலை பேசிய தரகர்கள், கடன் முற்றிய வீடாகப் பார்த்துத்தான் வந்தார்கள். இங்கே நம் ஏனாத்தூரிலும் பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் முன்பணம் வாங்காத நெசவாளி எத்தனை பேர்? கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உழைக்கிறோம், வருவது ஒரு கூலி. மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும், வட்டி நிற்காது. அந்த நேரம் பார்த்துத்தான் கருமுட்டைக்குத் தரகு பேசும் ஒருத்தி வந்து, "பத்து நாள் ஊசி, அரை மணி நேரம் மயக்கம், கை நிறையக் காசு" என்பாள்.

அவள் சொல்லாததை நாம் சொல்வோம். மாதத்துக்கு ஒன்று முதிர வேண்டிய கருமுட்டையைப் பத்து, பதினைந்தாக முதிரவைக்கத் தினமும் ஹார்மோன் ஊசி போடுவார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சூலகம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு முட்டும். 2010-இல் மும்பையில் 17 வயதுப் பெண்ணும், 2014-இல் தில்லியில் தாய் ஒருத்தியும் கருமுட்டை கொடுத்த பிறகு இறந்துபோனார்கள்.

சட்டம் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் உள்ள செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்தான் கொடுக்கலாம். வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. எழுத்தில் சம்மதம் வேண்டும். கொடுப்பவளுக்கு 12 மாதக் காப்பீட்டைக் குழந்தை வேண்டுவோர் எடுத்துத் தர வேண்டும். விற்பதும் தரகு பார்ப்பதும் குற்றம். ஆனால் முதல் முறை பிடிபட்டால் 5 முதல் 10 லட்சம் அபராதம் மட்டுமே. மறுபடி செய்தால்தான் 3 முதல் 8 ஆண்டு சிறை. இது போதாது. முதல் குற்றத்துக்கே சிறை வேண்டும்.

பிள்ளையில்லாத தம்பதியரின் ஏக்கம் நமக்குத் தெரியும். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. எல்லாம் தெரிந்து, எவர் நெருக்குதலும் இல்லாமல் ஒரு பெண் மனமுவந்து கொடுத்தால் அவளை மதிப்போம். வட்டிக்காரனுக்குப் பயந்து கையெழுத்துப் போடுவது எந்தக் கணக்கிலும் சம்மதம் ஆகாது. கடனுக்காகக் கொடுத்துவிட்டு வாய் மூடி இருக்கும் பெண்ணைத் தூற்றவும் வேண்டாம். தூற்றினால் அவள் பேச மாட்டாள், தரகர் தப்பிவிடுவார்.

தோழர்களே, யார் கேட்டாலும் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள். படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்து வேண்டாம். மையத்தின் பதிவுச் சான்று எங்கே, காப்பீட்டுத் தாள் எங்கே என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். சிறுமி என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1098. பெண்களுக்கு 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த மூன்று எண்களையும் தறிக்கூடச் சுவரில் எழுதி வையுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். மாவட்டத்தின் ஒவ்வொரு கருத்தரிப்பு மையத்தின் பதிவேட்டையும், கொடுத்த பெண்களின் வயதுச் சான்றையும் சரிபார்க்கச் சொல்லி மனு கொடுக்கிறோம். அதே மனுவில் நெசவுக் கூலி உயர்வும், மழைக்கால நிவாரணமும் இருக்கும். கூலி உயராமல் தரகரின் வரத்து நிற்காது. தறியை ஒரு வேளை நிறுத்திவிட்டு வாருங்கள். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.