ஒரே அடி, இரு ஓசை

மின்னணு டிரம்மில் ஒரே விசையுடன் அடித்தாலும், நடுவில் இடியோசையும் ஓரத்தில் முணுமுணுப்பும் எழுவதுண்டு. உடனே புதிய பேட் வாங்க விரைகிறோம். அல்லது பிள்ளையை ஓங்கி அடிக்கச் சொல்கிறோம். இரண்டும் வேண்டா.

வலைத்தோலின் அடியில், நடுவே நிற்கும் நுரைக்கூம்பு அதிர்வைப் பீசோ வில்லைக்குக் கடத்துகிறது. ஆதலால் நடுப்பகுதி சற்று மிகுதியாக ஒலிப்பது இயல்பே. வேறுபாடு மிகுந்தால், முதலில் எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக முடுக்கித் தோலின் இழுவிசையைச் சமன்செய்வோம். பின்னர் நுரையைப் பார்ப்போம். நசுங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றுவோம். இறுதியாகவே ஒலிப்பெட்டியின் உணர்திறன் அளவைத் தொடுவோம். அதனை முதலிலேயே உயர்த்தினால் நடுவின் ஓசையும் சேர்ந்து உயருமேயன்றி, ஓரம் அதற்கு நிகராகாது.

பிள்ளையின் மணிக்கட்டு நோவதைவிட, திருகுச்சாவியுடன் கால்மணி நேரம் பொறுமையாக அமர்வது நன்றன்றோ?